காவடிச் சிந்து

முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் வழிநெடுகப் பாடி ஆடும் துள்ளல் நடைப் பாட்டு வகை காவடிச் சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கழுகுமலை முருகன்மீது பாடிய நூலுக்கும் இதுவே பெயர். வகைக்கும் நூலுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் இதன் வரலாற்றை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ரெட்டியாரே இதைப் படைத்தார் என்பது ஒரு தரப்பு. ஊர் பேர் தெரியாத மக்கள் பாட்டை அவர் ஏட்டில் ஏற்றினார் என்பது மற்றொரு தரப்பு. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. இந்தப் பாட்டில் நடை வழிப்போக்கருடையது, சொல் புலவருடையது. நடை முந்தியது, சொல் பிந்தியது. இந்த வரிசை பிடிபட்டால் பாட்டின் வரலாறு முழுவதும் தெளிவாகும்.

நடை எப்படிப் பிறந்தது என்பதற்குக் காவடியே சாட்சி. இரண்டு மலைகளைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்து வந்த இடும்பனின் கதையைப் பழனியில் சொல்வார்கள். அதே அமைப்புத்தான் காவடிக்கும்: தோளில் ஒரு தண்டு, அதன்மேல் வளைவு, மயிற்பீலி, இரு முனையிலும் பாற்குடம். இந்தச் சுமையோடு தட்டையாக நடந்தால் தண்டு தோளை அறுக்கும். குடத்தின் ஆட்டத்துக்கு இசைந்து துள்ளி நடந்தால் சுமை தானே முன்னே இழுத்துப்போகும். அந்தத் துள்ளலைத்தான் ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாக விழும் திசிர நடை பிடித்துவைத்திருக்கிறது. அடியின் நடுவே நிற்கும் தனிச்சொல் பாடுகிறவருக்கு மூச்சு வாங்க இடம் தருகிறது. முடுகு வரும் இடத்தில் கால்களும் வேகமெடுக்கின்றன. பல்லவிக்குத் திரும்பி வரும் கட்டாயம் இல்லாமல், ஒரே மெட்டில் அடுத்தடுத்த கண்ணிகள் முன்னோக்கியே போகின்றன. வழி நடப்பவனுக்கு வேண்டிய கட்டுமானம் இது.

ரெட்டியாருக்கு முன்பே சிந்து இருந்தது. பள்ளு, குறவஞ்சி, நொண்டி நாடகங்களில் அது ஒலித்தது. வழியில் கண்ட ஊரையும் சோலையையும் சொல்லிக்கொண்டே போகும் வழிநடைச் சிந்து தனி வகையாகவே வளர்ந்தது. ஆனால் யாப்பருங்கலக்காரிகை போன்ற பழைய இலக்கணங்களில் சிந்துப் பாட்டுக்கு இடமில்லை. அவை சொல்லும் சிந்தடி முச்சீர் அடி, அது வேறு. சிந்துப் பாடல்களின் யாப்பைத் தனியே ஆராய்ந்து இலக்கணம் வகுக்க, 20ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் தமிழறிஞர் இரா. திருமுருகன் வரவேண்டியிருந்தது. நடை முந்தியது என்பதற்குக் கடல் கடந்த சான்றும் உண்டு. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்காகப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். 1860களில் பிறந்த ரெட்டியார் பாடத் தொடங்கும் முன்பே தொடங்கிய பயணம் இது. ரீயூனியன் தீவில் அவர்களுடைய வழிவந்தோரின் அன்றாடப் பேச்சு இன்று கிரியோல். ஆனாலும் அங்கே காவடி நிற்கவில்லை, மேளமும் நிற்கவில்லை. மொழி தேய்ந்த இடத்திலும் நடை பிழைத்திருக்கிறது.

அப்படியானால் ரெட்டியார் செய்தது என்ன? சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்து, ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் வாழ்ந்து, முப்பது வயதைக்கூட எட்டாமல் மறைந்தவர் அவர். திரிபந்தாதி பாடும் அளவுக்கு இலக்கணத்தில் தேர்ந்தவர். அந்தப் புலமையை அவர் சிந்தின் மெட்டுக்குள் இறக்கினார்: நெருங்கி விழும் எதுகை, அடிதோறும் இயைபு, கோயில் வளம், தலைவி ஏக்கம், பாங்கி பேச்சு. இவ்வளவு சொல்லடுக்கு உள்ளதை நாட்டுப்பாட்டு என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, பல கண்ணிகளுக்கு உரை இல்லாமல் பொருள் விளங்காது. ஆனால் அவருடைய சொல்லடுக்கு ஓரிடத்தில்கூடக் காலைத் தடுக்கவில்லை. பொருள் எட்டாதவரையும் ஓசை முதல் கேட்பிலேயே இழுத்துக்கொள்கிறது. புலவர் நடைக்குப் பணிந்ததால்தான் நடையும் புலவரைச் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோனது.

இன்னொரு மறுப்பு உண்டு. விரதம் இருந்து, நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறவருக்கு இத்தனை குதூகலமும் காதல் பேச்சும் தகுமா? தவம் என்றால் முகம் வாடியிருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழும் கேள்வி இது. காவடி அப்படிப்பட்ட தவமல்ல. வெயிலிலும் வெறுங்காலிலும் நடக்கும் உடலுக்கு மகிழ்ச்சிதான் உணவு. துள்ளல் பக்தியைக் குறைக்கவில்லை, பக்தியை நடக்க வைக்கிறது. மக்கள் மெட்டின் இந்த வலிமையைக் கண்டுகொண்டவர் பாரதியார். கழுகுமலை எந்த ஜமீனுக்கு உட்பட்டிருந்ததோ அந்த எட்டயபுரத்தில் 1882இல் பிறந்தவர். பிரெஞ்சுப் புதுச்சேரியில் தங்கியிருந்தபோது 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்துக்குச் சிந்தையே வாகனமாக்கினார். பெருங்கதையையும் சிந்து தாங்கும் என்று அதனால் நிலைபெற்றது.

இன்று காவடிச் சிந்து கச்சேரியின் பிற்பகுதியில் துக்கடாவாக ஒலிக்கிறது. செஞ்சுருட்டி ராகம் என்றாலே பலருக்கு இதுதான் நினைவு வரும். மேடை இதைக் காப்பாற்றியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேடையில் பாடுகிறவர் உட்கார்ந்திருக்கிறார். பாட்டின் முழு உருவம் தெருவில்தான் இருக்கிறது. காரைக்கால் சிற்றூர்களும் நாகைப் பகுதியும் சேர்ந்த காவிரிக் கடைமடையில் காவடிக்குப் பெயர்பெற்ற தலம் எட்டுக்குடி. சித்திரா பௌர்ணமியில் அங்கே பாற்காவடிகள் திரளும்போது, மெட்டும் மேளமும் சுமையும் காலும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே இந்தப் பாட்டைப் பதிவுசெய்ய விரும்புகிறவர்கள் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பினால் பாதிதான் கிடைக்கும். எந்த அடியில் கால் விழுந்தது, எந்தச் சொல்லில் மூச்சு வாங்கினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.