குண்டு மேல ஒரு நடிகையோட படம்

இன்னைக்கு ஒரு படம், ஒரு குண்டு, ரெண்டுக்கும் ஒரே பேர்.

படம் 'கில்டா'. 1946, கொலம்பியா பிக்சர்ஸ், இயக்குநர் சார்லஸ் விடோர். ஸ்பாய்லர் இருக்கு, முக்கால் நூற்றாண்டு தாண்டியாச்சு, சண்டைக்கு வராதீங்க. புவனோஸ் ஐரிஸ்ல ஒரு சூதாட்ட கிளப். முதலாளி பாலின் புது மனைவியோட வந்து நிற்கிறான். அங்கே வேலை பார்க்கிற ஜானிக்கு அவ பழைய காதலி. பாலின் செத்துட்டான்னு எல்லாரும் நம்பினதும் ஜானி அவளைக் கட்டிக்கிறான். ஆசைப்பட்டு இல்லை, பழிவாங்க. பக்கத்துலயே போகாம, ஆள் வெச்சு வேவு பார்த்து, அவ வாழ்க்கையையே ஜெயிலாக்குறான். கடைசியில ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சு சுபம்! அந்த முடிவு எனக்கு இன்னும் ஜீரணமாகலை.

படத்தோட உயிர் ஒரு பாட்டு. கறுப்பு கவுன்ல ரீட்டா ஹேவொர்த் ஒரே ஒரு நீளக் கையுறையைக் கழட்டுவாங்க, அவ்வளவுதான் (பாடுற குரல் அனிதா எல்லிஸோடது). 1871 சிகாகோ தீ, 1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பம், எல்லாப் பழியையும் ஒரு பொண்ணு தலையில போடுங்கன்னு கிண்டலடிக்கிற பாட்டு. முடிஞ்ச கையோட ஜானி அவளை அறையுறான்.

இப்போ குண்டு. அதே வருஷம் ஜூலை 1, மார்ஷல் தீவுகள்ல பிகினி. நாகசாகி நடந்து ஒரு வருஷம்கூட ஆகலை. போர்க்கப்பல்கள் அணுகுண்டைத் தாங்குமான்னு பார்க்க அமெரிக்கா ஒரு சோதனை வெச்சது. நம்ம பாஷையில ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஆனா இந்த டெஸ்ட் சர்வர்ல ஆளுங்க குடியிருந்தாங்க. 'கொஞ்ச நாளைக்குத்தான்'ங்கிற நம்பிக்கையில 167 பேர் மார்ச்லயே தீவை விட்டுப் போனாங்க. 1970கள்ல சிலர் திரும்பினாங்க. உடம்புல கதிரியக்கம் ஏறினதால 1978ல மறுபடி வெளியேத்தினாங்க.

நாகசாகியில போட்ட அதே ரகக் குண்டு. அது மேல ரீட்டாவோட படத்தை ஒட்டி, 'கில்டா'ன்னு எழுதியிருந்தாங்க. குறி வெச்ச நெவாடா கப்பலை விட்டுக் கிட்டத்தட்ட 650 மீட்டர் தள்ளி வெடிச்சுது. நெவாடா மூழ்கலை.

மரியாதை பண்ணினதா நினைச்சாங்க போல. ரீட்டா அப்படி எடுத்துக்கலை. அவங்க பொறந்த பேர் மார்கரிட்டா கான்சினோ. பேர், முடியோட நிறம், நெத்தியில முடி தொடங்குற கோடுவரைக்கும் மாத்திதான் ஹாலிவுட் அவங்களை 'ரீட்டா' ஆக்குச்சு. இப்போ முகத்தையும் எடுத்தாச்சு, கேட்காமலே. அப்போ அவங்க கணவரா இருந்த ஆர்சன் வெல்ஸ் பின்னாடி சொன்னது: ரீட்டா கோபத்துல கொதிச்சுப் போனாங்க, வாஷிங்டன் போய்ப் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுப் பேசணும்னாங்க. கொலம்பியா முதலாளி ஹாரி கோன் விடலை. தேசபக்தி இல்லைன்னு ஆயிடுமாம்.

படம் அந்த வருஷமே முதல் கான் திரைப்பட விழாவுக்குப் போச்சு. வசூலும் பிரமாதம்.