காய்க்குள் ஒரு புழு, இலைமேல் ஒரு புழு

கத்தரிக்கும் முட்டைக்கோஸுக்கும் ஒரே துண்டறிக்கையை நீட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பொறி வை, வேப்பங்கொட்டைச் சாறு அடி, அதற்கும் அடங்காவிட்டால் மருந்து அடி. பயிரின் பெயரை மாற்றிவிட்டால் அறிக்கை தயார். அரை ஏக்கர், முக்கால் ஏக்கரில் காய்கறி வைத்துப் பிழைப்பவருக்கு இது உதவாது என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு பயிரையும் கெடுப்பது அந்துப்பூச்சியின் புழுதான். ஆனால் ஒன்று காய்க்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, மற்றது இலைமேல் திறந்தவெளியில் மேய்கிறது. செய்ய வேண்டிய வேலை அத்தனையும் இதைப் பொறுத்தே மாறுகிறது.

கத்தரிக் குருத்துப்புழு முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்தில் தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். நன்றாக நிற்கும் செடியில் ஒரு நுனி மட்டும் வெந்நீர் பட்டதுபோல் தலை தொங்கியிருந்தால் அதைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள். கறுத்த எச்சத்துக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஒரு புழு கிடக்கும். செடி காய்க்கு வந்ததும் அது காய்க்கு மாறிவிடும். நுழைந்த துளையை எச்சத்தால் அடைத்துக்கொள்வதால் வெளியே பார்க்கக் காய் பழுதில்லாமல் இருக்கும். மண்டியில் அறுத்துப் பார்க்கும்போதுதான் சொத்தை தெரியும், விலை சரியும். அந்தப் பயத்தில்தான் பறிப்புக்கு முந்தின நாள்கூட மருந்து அடிக்கிறார்கள். உள்ளே இருக்கும் புழு சாவதில்லை. மருந்து காயோடு சேர்ந்து நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இந்தப் புழுவுக்குக் கைதான் முதல் மருந்து. வாடிய குருத்தை வாரம் ஒருமுறை, புழு இருக்கும் இடத்துக்குக் கீழேயே கிள்ளியெடுத்து அழிக்க வேண்டும். வரப்பில் வீசினால் பயனில்லை, உள்ளே இருப்பது வளர்ந்து பறந்துவிடும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். அது பிடிப்பது ஆண் அந்தைத்தான். பக்கத்து வயலில் இணைசேர்ந்த பெண் அந்து நம் வயலுக்கு வந்து முட்டையிட்டால் பொறி என்ன செய்யும்? அதனால் ஒரு துண்டு நிலத்தில் வைப்பதைவிட அடுத்தடுத்த வயல்காரர்கள் சேர்ந்து வைத்தால்தான் பலன். தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் 2000களின் தொடக்கத்தில் இந்தியா, வங்கதேசம், இலங்கை ஆகிய நாடுகளில் முன்வைத்த முறையும் இதுதான்: குருத்துக் கிள்ளுதல், பொறி, டிராத்தலா என்னும் ஒட்டுண்ணிக் குளவி பிழைக்கும்படி மருந்தை நிறுத்துதல். அடுப்புக்கென்று வயலோரம் குவித்து வைக்கும் பழைய கத்தரி மாறிலிருந்தே அடுத்த போகத்துக்கு அந்து கிளம்புகிறது என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். விறகுக்கு வேறு வழி இல்லாத வீட்டில் "மாறைக் கொளுத்து" என்பது எளிதான சொல் அல்ல. குவியலை வலையால் மூடி வைப்பது அந்த வீட்டுக்கு ஏற்ற யோசனை.

கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்தின் கதை நேர்மாறு. இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் அதன் முதுகில் வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும். புழு இலையின் அடியில் சுரண்டித் தின்று, மேல்தோலைக் கண்ணாடிபோல் விட்டுவைக்கும். தொட்டால் துள்ளிப் பின்வாங்கி நூலில் தொங்கும். வெளியே இருப்பதால் மருந்து அதன்மேல் நன்றாகவே படும், ஆபத்தும் அதில்தான். வெப்பமான இடங்களில் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிகிறது. அடிக்க அடிக்கத் தப்பியது மட்டும் பெருகுகிறது. 1953இலேயே ஜாவாவில் இது டி.டி.டி.க்கு அடங்காமல் போனது பதிவாகியிருக்கிறது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தை வயல்வெளியில் முதலில் வென்ற பூச்சியும் இதுவே.

ஆகவே இங்கே அடிக்காமல் இருக்கும் துணிவுதான் பெரிய வேலை. குளிர்ந்த மலைப்பகுதிகளில் டயடெக்மா என்ற குளவி இந்தப் புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். மலேசியாவின் கேமரன் மலையிலும் இந்தோனேசிய மலைத்தோட்டங்களிலும் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்துகள் குறைந்த பிறகுதான் அதனால் தலையெடுக்க முடிந்தது. சமவெளியின் வெயிலை அது தாங்காது. அங்கே கொட்டீசியா என்ற இன்னொரு குளவியை நம்ப வேண்டும்.

பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன கடுகு முறை தனி உழவரால் செய்யக்கூடியது. 25 வரிசைக் கோஸுக்கு இருபுறமும் ஒரு வரிசைக் கடுகு. நடவுக்கு 15 நாள் முன்னால் ஒருமுறையும், நட்ட 25ஆம் நாள் ஒருமுறையும் விதைக்க வேண்டும். அந்து கடுகைத் தேடிப் போய் முட்டையிடும். மருந்தைக் கடுகில் மட்டும் அடித்தால் போதும். கடுகைக் கவனிக்காமல் விட்டால் அதுவே புழு வளர்க்கும் நாற்றங்காலாகிவிடும்.

5 சத வேப்பங்கொட்டைச் சாறு இரண்டுக்கும் உண்டு: 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு, மாலையில் தெளிக்க வேண்டும். ஆனால் இலையைத் தின்னும் கோஸ் புழுவிடம் அது பலிக்கும் அளவுக்குக் காய்க்குள் இருக்கும் கத்தரிப் புழுவிடம் பலிக்காது.

செலவுக் கணக்கும் வேறுதான். கோஸ்காரருக்கு ஒரு படி கடுகு விதையும் பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம். கத்தரிக்காரர் வாரந்தோறும் குருத்துக் கிள்ள ஆள்கூலி கொடுக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் கிள்ளினால் அந்தக் கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. மருந்துக்கும் தெளிப்பானுக்கும் மானியம் பேசுகிற இடத்தில், கத்தரி விளையும் ஊர்களில் குருத்துக் கிள்ளும் கூலிக்கும் மானியம் கொடுங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. அதையும் வயல்வயலாகக் கொடுக்காமல், அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே வாரத்தில் கிள்ளி முடிக்கும்படி ஊருக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டும்.