நலமுள்ளவர் உடலில் ஊசி: புரோஸ்டேட் பயாப்சியின் இடர்க்கணக்கு

புரோஸ்டேட் பயாப்சி பாதுகாப்பானதா என்ற விவாதம் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டோடு முடிந்துவிடுகிறது. நூறு பேரில் மிகச் சிலருக்கே கிருமித்தொற்று வருகிறது, ஆகவே அஞ்ச வேண்டியதில்லை என்கிறார்கள். இந்தக் கணக்கு தொடங்கும் இடமே பிழை என்பது என் வாதம். தொல்லை ஏதுமின்றி, இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரோஸ்டேட் புரதத்தின் அளவு கூடியிருக்கிறது என்பதற்காக மட்டுமே பரிசோதனை மேசையில் படுப்பவரை நோயாளி என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவின் பெரிய பரிசோதனை ஆய்வில், பி.எஸ்.ஏ. உயர்ந்ததால் பயாப்சி செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் புற்றுநோய் அகப்படவில்லை. சிகிச்சையின் பக்கவிளைவை அளக்கும் கோலால் இவர்கள் படும் பாட்டை அளக்கக் கூடாது.

நெடுங்காலம் வழக்கிலிருந்த முறையில், மலக்குடலுக்குள் அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி, குடற்சுவர் வழியே ஊசியைப் பாய்ச்சி, 10 அல்லது 12 திசுத் துணுக்குகளை எடுப்பார்கள். ஒவ்வொரு குத்தும் குடற்கிருமிகளைச் சுரப்பிக்குள் கொண்டுசெல்லக்கூடும். அதற்குக் காப்பாக நின்றது சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள்தாம். ஈ.கோலை என்ற குடற்கிருமி அவற்றை எதிர்க்கப் பழகியதும் அந்தக் காப்பு தளர்ந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பதிவுகளில், பயாப்சிக்குப் பின் 30 நாளுக்குள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் விகிதம் 1996இல் 1.0 விழுக்காடு, 2005இல் 4.1. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தொற்று. அதுவும் புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தவர்களைக் கொண்டு போட்ட கணக்கு. சிப்ரோஃப்ளாக்சசினை எதிர்க்கும் ஈ.கோலை பரவலாக உள்ள இந்தியாவில், பழைய பாதுகாப்பு எண்களை அப்படியே எடுத்துச் சொல்வது பொறுப்பான செயலாகாது.

விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியே ஊசி செலுத்தினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது ஒரு மறுப்பு. பெருமளவு ஏற்கத்தக்கதே; ஆனால் சான்றுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஒப்பீட்டில், தோல் வழியில் தடுப்பு மருந்தே இல்லாமல் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. மலக்குடல் வழியில் 1.4 விழுக்காட்டினருக்கு வந்தது. அதே ஆண்டின் வேறோர் ஆய்விலோ இரு வழிக்கும் வேறுபாடே தென்படவில்லை. அப்படியிருந்தும் தோல் வழியையே நான் ஆதரிக்கிறேன். ஆன்டிபயாடிக் இல்லாமலே செய்ய முடிவது, இனி வரும் நோயாளிகளுக்கும் அந்த மருந்துகளைக் காத்துவைக்கிறது. ஊசி வழியாகப் புற்று பரவிவிடும் என்ற மற்றோர் அச்சத்துக்குப் பெரிதாக இடம் தர வேண்டியதில்லை. அது மிக மிக அரிது.

இந்த இடர்களைக் கருதி பயாப்சியைக் குறைத்தால் உயிர்கொல்லும் புற்று தப்பிவிடாதா என்பதுதான் கனமான மறுப்பு. பரிசோதனையால் பயன் உண்டு: அதே ஐரோப்பிய ஆய்வின் 16 ஆண்டுக் கணக்கில், அழைக்கப்பட்ட 570 பேருக்கு ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. ஆனால் ஊசி குறைந்தால் கண்டறிதலும் குறையும் என்ற முடிச்சை 500 பேரிடம் நடந்த பிரிசிஷன் ஆய்வு (2018) அவிழ்த்தது. முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிரிவில் 28 விழுக்காட்டினருக்கு பயாப்சியே தேவைப்படவில்லை. எனினும் கவலைக்குரிய புற்று 38 விழுக்காட்டினரிடம் அகப்பட்டது. வழக்கமான பயாப்சிப் பிரிவில் அது 26 மட்டுமே. கண்டும் பயனில்லாத சிறு புற்று 22இலிருந்து 9 ஆகக் குறைந்தது. படத்தைத் தேர்ந்த கண் பார்க்க வேண்டும், செலவும் உண்டு, சில புற்றுகள் தாமதமாகவே தெரியவரும் என்பதெல்லாம் மெய். அந்தத் தாமதம் எவ்வளவு கொடியது என்பதற்குப் பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வு விடை தருகிறது. சுரப்பியைத் தாண்டாத புற்று உள்ளவர்களில், அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு எதைப் பெற்றிருந்தாலும், 15 ஆண்டுகளில் அந்நோயால் இறந்தோர் சுமார் 3 விழுக்காடே. ஆகவே எம்.ஆர்.ஐ.க்காகச் சில வாரம் காத்திருப்பதை ஆபத்து என்று சொல்லி ஒருவரை அவசரப்படுத்துவதற்கு நியாயமில்லை.

பயாப்சிக்கு வருபவரிடம் சொல்ல வேண்டியவையும் உள்ளன. பிரிட்டனில் மலக்குடல் வழி பயாப்சி செய்துகொண்ட 1,147 பேரைத் தொடர்ந்து கேட்டபோது, மூவரில் இருவர் சிறுநீரிலும் பத்தில் ஒன்பது பேர் விந்திலும் இரத்தம் கண்டதாகச் சொன்னார்கள். பெரும்பாலும் இது தானே நின்றுவிடும். முன்னமே சொல்லப்படாதவர் பதறிப்போவார். அடுத்த பயாப்சி உண்மையாகவே தேவைப்படும்போது வர மறுக்கவும் கூடும். குளிர்காய்ச்சல் வந்தால் இரவென்றும் பாராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் அவருக்கு வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.