ஹாரன் பட்டனும் ஒத்தை வயரும்

சின்னமனூர்லேர்ந்து மேகமலைக்கு ஏறுற ரோட்டுல 18 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் சங்க இலக்கியத்துல வர்ற பூ ஒண்ணோட பேர். படிச்சு ரசிக்கலாம்தான், ஆனா மேகம் இறங்கிட்டா பேர்ப்பலகையும் தெரியாது, எதிர்ல தேயிலை மூட்டையோட இறங்குற வண்டியும் தெரியாது. டவுனுக்குள்ள சும்மா ஹாரன் அடிக்கிறவங்களைக் கண்டா எனக்கு ஆகாது. இந்த மலையில ஹாரன் வேலை செய்யாத வண்டியில ஏறவும் மாட்டேன்.

மோட்டார் வண்டிக்கு முதல்ல இருந்தது ரப்பர் பந்தை அமுக்குற 'பாம் பாம்'தான். 1908-ல அமெரிக்காவுல க்ளாக்ஸன் வந்துச்சு. மில்லர் ரீஸ் ஹட்சிசன்ங்கிறவரோட கண்டுபிடிப்பு. சின்ன மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுத்த, அது உலோகத் தகட்டைத் தட்டித் தட்டி அலறும். (இதே ஆள்தான் அதுக்கு முன்னாடி காது கேளாதவங்களுக்கான மின்கருவியும் செஞ்சவர். என்ன பொருத்தமோ :)) 1921-ல ஜெர்மனியின் பாஷ் கம்பெனி தன்னோட மின்சார ஹாரனைக் கொண்டு வந்துச்சு. இன்னைக்கு நம்ம பைக்ல இருக்கிற ஹாரன் காந்தம் தகட்டை இழுக்கும், இழுத்த வேகத்துல கரன்ட் அறுந்துடும், தகடு திரும்பும், மறுபடி இழுக்கும். வீட்டு காலிங் பெல் கதைதான், ஒரு செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவை.

சரி, பட்டன். பழைய பிரிட்டிஷ் பைக்குகள்ல ஹாரனுக்கு பேட்டரி கரன்ட் நேரா போயிடும். பட்டன் செய்யறது எர்த்தைச் சேர்த்து விடறது மட்டும். ஹேண்டில்பாரே எர்த்து, அதனால பட்டனுக்கு ஒத்தை வயர் போதும். அந்த வயர் உரசித் தோல் போனாலும் நெருப்புப் பிடிக்காது, ஹாரன் தானா அலறும், அவ்வளவுதான். கஞ்சத்தனம் மாதிரி தெரிஞ்சாலும் எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் இது.

இந்த யோசனை நம்மூருக்கு வந்த வழி புல்லட். 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. ரெட்டிச்லேர்ந்து வந்த பாகங்களைப் பூட்டினதுல ஆரம்பிச்சு, அப்புறம் திருவொற்றியூர்லயே எல்லாம் செய்ய ஆரம்பிச்சாங்க. 1970-ல இங்கிலாந்துல தயாரிப்பு நின்னு போச்சு. திருவொற்றியூர்ல நிக்கல. அதனாலதான் ஐம்பதுகளோட இங்கிலீஷ் வயரிங் பழக்கத்தை நம்ம மெக்கானிக்குங்க ரொம்ப காலம் கையில வெச்சிருந்தாங்க.

எங்கப்பாவோட பழைய வண்டியில ஒரு மழைக்காலத்துல ஹாரன் நின்னுச்சு. சாவியைப் போட்டு, ஹாரன்லேர்ந்து பட்டனுக்குப் போற வயரைக் கழட்டி, ஹாரன்ல அந்த முனைக்கு ஒரு துண்டு வயர் மாட்டி, மறுமுனையை என்ஜின் உலோகத்துல வெச்சேன். அலறுச்சு! அப்போ ஹாரன் நல்லாத்தான் இருக்கு, பட்டன்தான் திருடன். பிரிச்சா, தொடுமுனை ரெண்டுலயும் பச்சைக் களிம்பு. நைஸ் எமரி பேப்பரால தேய்ச்சு, பட்டன் கிளாம்ப் உக்கார்ற இடத்துல ஹேண்டில்பார் பெயின்டையும் கொஞ்சம் சுரண்டினேன். பளபளன்னு பெயின்ட் அடிச்ச வண்டியில எர்த்து போறது அங்கதான். மேல லேசா வாஸ்லின், ஈரம் அண்டாது. உங்க மாடல்ல எர்த்துக்குத் தனி வயர் இருந்தா பெயின்டைத் தொட வேணாம், அந்த வயரோட முனையைப் பாருங்க.

செலவு எமரி பேப்பர் மட்டும்தான். புது ஸ்விட்ச் மாத்தச் சொன்ன கடைக்காரர் மேல கோபமில்ல, அவருக்கு வியாபாரம்.