உருதுத் துப்பறியும் நாவலும் இப்னு ஸஃபீயும்

அரபுக் கல்லூரிகளில் ஹரீரியின் (1054–1122) 'மகாமாத்' நெடுங்காலமாக ஓதிக்கொடுக்கப்பட்டு வருகின்றது. அதன் நாயகன் அபூ ஸைத் அஸ்ஸரூஜி, ஊர் ஊராகச் சுற்றி, வேடம் புனைந்து, சொல்வன்மையால் மக்களை மயக்கிப் பொருள் பறிப்பவன். அவனது நடத்தையை நாம் மாணவர்க்கு முன்மாதிரியாகக் காட்டுவதில்லை. அவனைப் படைத்த மொழியையே கற்பிக்கிறோம். கதை வடிவம் மார்க்கக் கல்விக்கு அந்நியமானதன்று என்பதற்கு இது தக்க சான்று. ஆயினும், வெகுமக்கள் விரும்பிப் படிக்கும் கதைகள் என்றவுடன் கற்றோர் முகம் திருப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இந்தப் புறக்கணிப்பு எத்துணை நியாயமானது என்பதை அறிய, உருதுத் துப்பறியும் நாவலாசிரியர் இப்னு ஸஃபீயின் வாழ்வு நல்லதோர் உரைகல்லாகும்.

முன்னோடிகள்

உருது மக்களின் கதைப் பசியை முதலில் தணித்தவை 'தாஸ்தான்' எனப்படும் நெடுங்கதைகள். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட அவற்றுள் புகழ்பெற்ற 'திலிஸ்மே ஹோஷ்ருபா' 1883 முதல் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகத்தால் தொகுதி தொகுதியாக வெளியிடப்பட்டது. மாயக் கோட்டைகளும் மந்திரவாதிகளும் அவர்களை வெல்லும் 'அய்யார்' எனும் தந்திரசாலிகளும் நிறைந்த உலகம் அது. துப்பறியும் நாவல் ஆங்கிலம் வழியே பின்னர் வந்தது. காவல்துறை அதிகாரியாக இருந்த ஸஃபர் உமர், பிரெஞ்சு எழுத்தாளர் மோரிஸ் லெப்லாங்கின் கதையைத் தழுவி 1916இல் 'நீலி சத்ரீ' நாவலை வெளியிட்டார். தீரத் ராம் ஃபெரோஸ்பூரி ஆங்கிலக் குற்றக் கதைகள் பலவற்றை உருதுவில் பெயர்த்தார். எனினும், உருதுவுக்கே உரிய துப்பறிவாளர் ஒருவர் மக்கள் மனத்தில் இடம்பிடிக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

கவிஞர் நாவலாசிரியரானார்

இப்னு ஸஃபீயின் இயற்பெயர் அஸ்ரார் அஹ்மத். 1928இல் அலஹாபாத் மாவட்டத்தின் நாரா எனும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஸஃபிய்யுல்லாஹ், அப்பெயரிலிருந்தே 'ஸஃபீயின் மகன்' எனும் புனைபெயர் உருவானது. 'அஸ்ரார்' என்றால் இரகசியங்கள் என்று பொருள். மர்மக் கதை எழுதப் போகிறவருக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்! சிறு வயதிலேயே 'திலிஸ்மே ஹோஷ்ருபா' அவரது கைக்கு எட்டியது. இளமையில் 'அஸ்ரார் நாரவீ' என்ற பெயரில் கவிதைகளும், 'துக்ரல் ஃபர்கான்' என்ற பெயரில் அங்கதக் கட்டுரைகளும் எழுதினார். நாட்டுப் பிரிவினையின்போது தடைப்பட்ட கல்வியை, பின்னர் ஆக்ரா பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டத்துடன் நிறைவு செய்தார். பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார்.

அவரைத் துப்பறியும் நாவலின் பக்கம் திருப்பியது இலக்கிய நண்பர்களிடையே எழுந்த ஒரு விவாதம். உருதுவில் பாலுணர்வைத் தூண்டும் எழுத்தே விற்பனையாகும் என்று ஒருவர் சொல்ல, அஸ்ரார் அதை மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் செயலிலும் இறங்கினார். அப்பாஸ் ஹுஸைனியின் நக்ஹத் பதிப்பகம் 1952 மார்ச்சில் அலஹாபாதிலிருந்து 'ஜாஸூஸீ துன்யா' (துப்பறியும் உலகம்) எனும் மாத வரிசையைத் தொடங்கியது. முதல் நாவல் 'திலேர் முஜ்ரிம்'. அதன் கரு ஆங்கில நாவல் ஒன்றிலிருந்து பெறப்பட்டது என்பதை அவரே மறைக்காமல் கூறியுள்ளார். ஆனால் அதில் உலவிய ஃபரீதீ, ஹமீத் எனும் இரு துப்பறிவாளர்களும் அவரது சொந்தப் படைப்புகள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் கராச்சிக்குக் குடிபெயர்ந்தார். எழுத்து மட்டும் எல்லையைக் கடந்து வந்துகொண்டே இருந்தது. கையெழுத்துப் பிரதிகள் அலஹாபாத் வந்து அச்சேறின; இந்தி வடிவங்களில் ஃபரீதீ 'வினோத்' ஆனார். 1955இல் 'கவ்ஃப்நாக் இமாரத்' நாவலுடன் இம்ரான் தொடர் பிறந்தது. இந்தியாவில் உருது தன் பழைய இடத்தை இழந்து வந்த காலம் அது. பள்ளியில் உருது படிக்காதோரையும் அம்மொழியின்பால் ஈர்த்த நூல்களுள் இந்நாவல்களுக்குச் சிறப்பிடம் உண்டு.

ஜாஸூஸும் தஜஸ்ஸுஸும்

இங்கு ஒரு வினா எழலாம். 'ஜாஸூஸ்' எனும் சொல்லின் வேரிலிருந்து வந்ததே 'தஜஸ்ஸுஸ்'. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை அல்குர்ஆன் 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் தடுத்துள்ளது. அவ்வாறாயின், துப்பறிதலையே பொருளாகக் கொண்ட கதைகளை என்னென்பது? மறைவான சொந்தக் குறைகளைக் கிளறுவது வேறு. கொலை, கொள்ளை போன்ற அநீதிகளில் உண்மையை வெளிக்கொணர்வது வேறு. முன்னது மானத்தைப் பறிப்பது. பின்னது உயிரையும் உடைமையையும் காப்பது. இப்னு ஸஃபீயின் ஃபரீதீயும் இம்ரானும் இரண்டாம் வகையினர். சட்டத்தின் மேலாண்மையே அவர் கதைகளின் அடிநாதம். செல்வந்தரான ஃபரீதீ பதவி உயர்வை நாடாதவர். முட்டாள்போல் நடித்து எதிரியை வெல்லும் இம்ரானிடம் பழைய தாஸ்தானின் அய்யாரை அடையாளம் காணலாம். மேலைத் துப்பறியும் கதைகளில் மலிந்த மதுவும் காமமும் இவ்விருவரையும் தீண்டவில்லை.

நோயும் மீட்சியும்

ஓய்வின்றி எழுதியவரை 1960இல் கடும் மனநோய் தாக்கியது. மூன்றாண்டுகள் பேனா நின்றது. போலி எழுத்தாளர்கள் அவர் பெயரையும் அதை ஒத்த பெயர்களையும் சூட்டிக்கொண்டு சந்தையை நிரப்பினர். யூனானி மருத்துவத்தால் நலம் பெற்று, 1963 நவம்பரில் 'டேட் மத்வாலே' நாவலுடன் மீண்டார். இந்தியாவில் அந்நூலை லால் பகதூர் சாஸ்திரி வெளியிட்டதாக அவரது வாழ்க்கையை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். இரு வரிசைகளிலுமாக ஏறத்தாழ 245 நாவல்களை எழுதிய அவர், 1980 ஜூலை 26 அன்று கராச்சியில் புற்றுநோயால் மறைந்தார். அவருக்குப் பின், முல்தானைச் சேர்ந்த வழக்கறிஞர் மஸ்ஹர் கலீம் (மறைவு 2018) போன்றோர் இம்ரானை வைத்து நூற்றுக்கணக்கில் எழுதினர்.

காலந்தாழ்ந்த அங்கீகாரம்

உருது இலக்கிய வரலாறுகள் நெடுங்காலம் இப்னு ஸஃபீயைப் பொருட்படுத்தவில்லை. மாற்றம் வந்தபோது அதில் நம் சென்னைக்கும் பங்கிருந்தது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2011இல் 'ஜாஸூஸீ துன்யா' நாவல்கள் நான்கை ஆங்கிலத்தில் வெளியிட்டது. மொழிபெயர்த்தவர் உருதுவின் தலைசிறந்த திறனாய்வாளரும் அலஹாபாத்வாசியுமான ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி (1935–2020). தாஸ்தான் இலக்கியத்தை ஆழ்ந்து ஆராய்ந்தவர் அவர். தாஸ்தானில் ஊறி வளர்ந்த நாவலாசிரியரை அவர் மொழிபெயர்க்க முன்வந்ததே ஒரு தீர்ப்புக்கு நிகரானது.

இந்த வாழ்விலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. நம் இளைஞர்கள் கதையின்றி இருக்கப் போவதில்லை. நாம் தராவிடில் பிறர் தருவர். ஆபாசத்தைக் கண்டித்துப் பேசுவோர் நம்மிடையே பலர் உண்டு. அதற்கு மாற்றாகச் சுவையான எழுத்தை உண்டாக்கியவர் மிகச் சிலரே. ஒழுக்கம் கெடாமலும் வாசகரைக் கட்டிப்போட முடியும் என்று வாதிட்டவர், அவ்வாதத்தை நிறுவுவதற்குத் தம் வாழ்நாளையே செலவிட்டார். அதற்கு அவருக்கு உதவியவை கவிதைப் பயிற்சியும், பழங்கதைகளில் பெற்ற தோய்வும், அயரா உழைப்புமே. மகாமாத்தை ஓதும் நம் மாணவர்களுக்கு இவற்றுள் முதலிரண்டும் எட்டாதவையல்ல. மூன்றாவதை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும்.