முத்துக் குளித்தவர்களும் கடற்குளிரும்

கோடைக்கால மாலையில் கடற்கரையில் அமர்ந்திருக்கிறீர்கள். காற்றின் வெப்பநிலை 28 பாகை செல்சியஸ். உடலுக்கு இதமாக இருக்கிறது. அதே 28 பாகை வெப்பமுள்ள நீரில் ஒரு மணி நேரம் கழுத்தளவு அசையாமல் நின்றால் என்ன ஆகும்? முதலில் சுகமாக இருக்கும். போகப்போக விரல்கள் வெளிறும். பற்கள் தந்தியடிக்கத் தொடங்கும். வெப்பநிலை இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் காற்றில் இல்லாத குளிர் நீரில் எங்கிருந்து வந்தது?

வீட்டிலேயே இதற்கு விடை காணலாம். ஒரே அறையில் உள்ள மரப்பலகையையும் எவர்சில்வர் தம்ளரையும் தொட்டுப் பாருங்கள். தம்ளர்தான் அதிகமாகச் சில்லிடும். அது நம் கையின் வெப்பத்தை விரைவாகக் கடத்திச் செல்வதே காரணம். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆடையின்றி அசையாதிருக்கும் மனிதன் நீரில் வெப்பம் இழக்காமலிருக்க, அந்நீர் 33 முதல் 35 பாகை வரை இருக்க வேண்டும். மன்னார் வளைகுடா கோடையிலும்கூட அதைவிடக் குளிர்ச்சியானதே.

இந்தக் கடலில்தான் நம் முன்னோர் பன்னூறு ஆண்டுகளாக முத்துக் குளித்தனர். கொற்கை முத்தைப் பற்றிக் கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கப் பயண நூலான பெரிப்ளுஸ் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் இத்தொழிலை விவரித்துள்ளார். குளிப்பவரின் கருவிகள் மிகச் சில: இடையில் ஒரு துணி, சிப்பி சேர்க்க வலைப்பை, கயிற்றில் கட்டிய கல். குளிரைத் தடுக்க எந்த உடையும் இல்லை. பின் எப்படித் தாக்குப்பிடித்தனர்?

முத்துச் சலாபம் நடந்த முறையைக் கவனியுங்கள். மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில், கடல் அடங்கித் தெளிந்திருக்கும்போதே சலாபம் நடக்கும். அப்போது நீரும் வெதுவெதுப்பாக இருக்கும். தோணிகள் இரவில் கரைக்காற்றில் புறப்பட்டு விடியலில் முத்துப்பாரை அடையும். நண்பகலில் வேலை முடிந்து, கடற்காற்றில் கரை திரும்பும். ஒரு கல்லுக்கு இருவர். கல்லோடு இறங்கியவர் அடியில் ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி பொறுக்குவார். அவர் களைத்ததும் தோணியேறி வெயிலில் இருப்பார். அதே கல்லில் மற்றவர் இறங்குவார்.

சிறு கணக்கொன்று போடுவோம். ஒருவர் ஒரு நாளில் 40 முறை மூழ்கினாலும், மூழ்கியிருந்த நேரம் மொத்தம் 40 நிமிடமே. அதுவும் காலை முழுவதும் பரவிக் கிடக்கிறது. மூச்சு முடிந்தால் மேலே வந்தாக வேண்டும், களைத்தால் தோணியேறலாம். இழந்த வெப்பத்தை வெயில் திருப்பித் தந்தது. வெப்பம் காக்கவென்று யாரும் வகுத்த ஏற்பாடன்று இது. ஆனாலும் இதுவே அவர்களைக் காத்தது.

1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காக்னனும் அக்வாலங் என்னும் மூச்சுக் கருவியை உருவாக்கினர். காற்றடைத்த உருளையை முதுகில் சுமந்து, மூழ்குபவர் தொடர்ந்து ஒரு மணி நேரம்கூட நீருக்கடியில் இருக்க முடிந்தது. தூத்துக்குடியிலும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் மகாதேவனும் நாகப்பன் நாயரும் 1960களில் மூழ்கிக் கடலடியை ஆராய்ந்தனர். 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த சலாபம் அதன்பின் நின்றுபோயிருந்தது.

மூச்சுத் தடை நீங்கியதும் குளிர் எதிரே நின்றது. நடுவில் வெயில் காய வழியில்லை. குளிரில் விரல் மரத்தால் கருவியின் திருகைத் திருப்ப முடியாது. மேலும் குளிர்ந்தால் சிந்தனையே மந்தமாகும். கடலடியில் இவை உயிரோடு விளையாடுபவை.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலறிஞர் ஹ்யூ பிராட்னர் ஒரு வழி கண்டார். நீர் உட்புகாத உடைதான் வேண்டும் என்பதில்லை. உடை நனைந்தாலும், அதில் வாயுக் குமிழிகள் அடைபட்டிருந்தால் போதும் என்றார். நியோப்பிரீன் என்ற செயற்கை ரப்பர் நுரையில் அத்தகைய குமிழிகள் நிறைந்துள்ளன. கம்பளி ஆடையைப் போல, அடைபட்ட வாயுவே வெப்பத்தைக் காக்கிறது. ஆயினும் ஆழத்தில் நீரழுத்தம் குமிழிகளை நசுக்குவதால், உடையின் காப்புத் திறன் குறைந்துவிடும்.

இவ்வுடையின் பெருமையைக் கொரியாவின் ஜெஜு தீவில் மூழ்கும் பெண்களிடம் காணலாம். பருத்தி உடையணிந்து, குளிர்காலத்தில் 10 பாகை நீரிலும் அவர்கள் மூழ்கினர். அப்பருவத்தில் அவர்கள் உடலின் அடிப்படை வளர்சிதைமாற்றம் மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடியிருந்ததாக ஆய்வுகள் கண்டன. உடலே அடுப்பாக எரிந்து குளிரை எதிர்த்தது. 1970களின் பிற்பகுதியில் அவர்கள் நியோப்பிரீன் உடைக்கு மாறினர். சில ஆண்டுகளிலேயே அந்த மாற்றம் மறைந்தது. உடல் சுமந்த பாரத்தை உடை ஏற்றுக்கொண்டது.

தூத்துக்குடியில் இன்றும் சங்கு குளிப்போர் கடலில் இறங்குகின்றனர். 'நம் கடல் வெப்பக் கடல்தானே' என்று யாரேனும் சொன்னால், அந்த 25 மடங்குக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். நீங்களும் குளத்திலோ கடலிலோ நீந்தும்போது நடுக்கம் கண்டால், அதை வீரத்தால் அடக்க முயலாதீர்கள். பழைய முத்துக்குளிப்பவரைப் போலக் கரையேறி, துவட்டிக்கொண்டு வெயிலில் அமருங்கள். கடலும் முத்தும் நாளையும் இருக்கும்.