அச்சமும் நகைப்பும்: ஓர் ஓநாய்மனிதத் திரைப்படமும் பார்வையாளரின் கருத்து வேறுபாடுகளும்

கலைப்படைப்பொன்றைப் பற்றி எழும் கருத்து வேறுபாடுகளை வெறும் இரசனை வேறுபாடுகள் எனக் கூறி ஒதுக்கிவிடும் வழக்கம் திறனாய்வாளர் சிலரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. தனிமனித இரசனையே இறுதித் தீர்ப்பு எனக் கொள்ளும் இந்நோக்கு, அவ்விரசனை எத்தகைய சமூகச் சூழலில் உருவாயிற்று என்னும் வினாவை எழுப்புவதில்லை. ஜோன் லாண்டிஸ் எழுதி நெறிப்படுத்தி 1981 ஆகஸ்டில் வெளிவந்த 'லண்டனில் ஓர் அமெரிக்க ஓநாய்மனிதன்' என்னும் திரைப்படம் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதொரு சான்றாகும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும், அது திகிற்படமா நகைச்சுவைப்படமா என்பதில் பார்ப்போர் ஒன்றுபட்டாரல்லர்.

கதை எளிமையானது. வட இங்கிலாந்தின் மேட்டுநிலங்களில் நடந்து திரியும் அமெரிக்க இளைஞர் இருவரை முழுநிலவு இரவொன்றில் விலங்கொன்று தாக்குகின்றது. ஜாக் இறக்கின்றான். காயமுற்ற டேவிட் லண்டன் மருத்துவமனையில் கண்விழிக்கின்றான். நாளுக்கு நாள் அழுகும் உடலோடு தோன்றும் ஜாக், வேடிக்கைப் பேச்சு மாறாமலே, அடுத்த முழுநிலவுக்குள் தற்கொலை செய்துகொள்ளுமாறு நண்பனை வேண்டுகின்றான். நகைப்பும் அச்சமும் ஒரே வாயிலிருந்து பிறக்கும் இக்காட்சிகளே கருத்து மோதலின் மையமாகும்.

இக்கலவைக்கு ஒரு வரலாறு உண்டு. 1969இல் யூகோசிலாவியாவில் படப்பிடிப்புக் குழுவொன்றின் உதவியாளராக இருந்த லாண்டிஸ், றோமா மக்கள் ஒரு பிணத்தை, அது மீண்டும் எழாதிருக்கும் பொருட்டு, வெள்ளுள்ளி சூட்டிக் குறுக்குச் சந்தியிற் புதைக்கக் கண்டார். நவீன அறிவுக்கு உடன்படாத ஒன்றை நவீன மனிதன் நேரிற் கண்டால் யாது செய்வான் என்ற வினாவிலிருந்து அவ்வாண்டே திரைக்கதை பிறந்தது. எனினும் படம் உருவாகப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. நகைச்சுவைக்கு மிகுந்த அச்சமுடையது, திகிலுக்கு மிகுந்த நகைப்புடையது என்பதே முதலீட்டாளர் கூறிய தடை. 'அனிமல் ஹவுஸ்' (1978), 'புளூஸ் பிரதர்ஸ்' (1980) ஆகியவற்றின் பின்னரே அவருக்குப் பணம் கிட்டிற்று. பின்னாளிற் பார்வையாளர் பலர் தம் சொந்தக் கருத்தாக வெளியிட்ட குறையை முதலீட்டாளர் முன்னரே கூறிவிட்டமை ஈண்டு கருதத்தக்கது. 'திகில்', 'நகைச்சுவை' என்னும் வகைப்பாடுகள் சந்தையில் பண்டத்தின்மேல் ஒட்டப்படும் பெயர்ச்சீட்டுகளாகவும் இயங்குகின்றன. பெயர்ச்சீட்டை நம்பி நுழைந்தவன், உள்ளே வேறொன்றைக் காணும்போது ஏமாற்றப்பட்டதாகவே உணர்வான்.

படம் வெளிவந்தபோது அமெரிக்க விமர்சகர் றொஜர் ஈபேட் அதனை முற்றுப்பெறாத ஆக்கமாகவே கண்டார். பெருங்காட்சிகளிற் செலுத்திய உழைப்பைப் பாத்திர வளர்ச்சியிலும் முடிவிலும் நெறியாளர் செலுத்தவில்லை என்பது அவர் வாதம். முடிவின் திடீர்த்தன்மையைப் பலரும் இன்றும் குறைகூறுவர். சந்தொன்றில் ஓநாய் சுடப்பட்டு வீழ, தாதி அலெக்சின் கண்ணீர் உலருமுன்னரே துள்ளலான நிலாப் பாடலொன்று ஒலிக்கின்றது. ஒரு சாரார் இதனைப் பொறுப்பின்மை என்பர். துயரத்துக்கு ஆறுதல் வழங்க மறுக்கும் நேர்மை இது என்பர் மறுசாரார். தாதியுடனான காதல் மேலோட்டமானது என்ற குற்றச்சாட்டை நாமும் ஏற்கின்றோம்.

உருமாற்றக் காட்சியைப் பொறுத்தவரையிற் கருத்து வேறுபாடு குறைவு. 1941இன் 'ஓநாய் மனிதன்' படத்தில் ஒரு படிமத்தின்மேல் மற்றொன்று கரைந்து மாற்றம் நிகழ்ந்தது. றிக் பேக்கரோ பிரகாசமான அறையில், எலும்பு நீளுவதையும் தோல் விரிவதையும் கண்முன் காட்டினார். சிறந்த ஒப்பனைக்கெனப் புதிதாக நிறுவப்பட்ட ஒஸ்கார் விருதை முதலிற் பெற்றவர் அவரே. கணினிப் படிமங்கள் பெருகிய பின் வந்த தலைமுறை இக்காட்சியை முன்னையோரினும் மிகுதியாகப் போற்றுகின்றது. இயந்திரம் மறைத்துவிட்ட கைவினை உழைப்பை அது இங்கு காண்கின்றது. ஒரே காட்சியின் மதிப்பு உற்பத்தி முறை மாறுந்தோறும் மாறுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

படத்தின் உட்பொருளை நோக்குவோம். திகிற்படத்தின் பூதம் சமூகம் அடக்கி வைத்ததன் மீள்வருகை என்றார் இடதுசாரித் திறனாய்வாளர் றொபின் வூட். டேவிட்டின் கனவொன்றில், நாசிச் சீருடை அணிந்த கோர உருவங்கள் அவனது யூதக் குடும்பத்தை வீட்டினுள் கொன்று குவிக்கின்றன. சிறுவர் பார்த்திருந்த தொலைக்காட்சியில் அப்போது பொம்மலாட்ட நகைச்சுவை நிகழ்கின்றது. 1941ஆம் ஆண்டுப் படத்தின் திரைக்கதையை எழுதிய கேர்ட் சியோட்மாக், நாசிகளின் எழுச்சியினால் ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூதர் என்பதையும் இணைத்து நோக்கின், இக்கனவு தற்செயலானதன்று என்பது புலனாகும். பாதுகாப்பான அமெரிக்க வரவேற்பறைக்கும் பேரழிவின் நினைவுக்கும் இடையிலான தூரம் மிகக் குறுகியது. நகைப்பும் அச்சமும் அங்கு பிரிக்கவொண்ணாதன. எனவே கலவையைப் படத்தின் குறையாகக் காண்போருடன் நாம் உடன்படவில்லை.

எனினும் படத்தைப் புகழ்வதோடு அமைந்துவிடுதல் தகாது. உபரி உழைப்பின்மேல் மூலதனம் கொள்ளும் பசியை ஓநாய்மனிதனின் பசிக்கு ஒப்பிட்டவர் மார்க்ஸ் (1867). இப்படத்தின் ஓநாயோ அத்தகைய சமூகப் பொருளைப் பெறவில்லை. அது கொல்வோருள் தேம்ஸ் கரையில் குளிர்காயும் வீடற்றோர் மூவரும் அடங்குவர். இறந்தோர் அனைவரும் திரையரங்கொன்றிற் கூடிப் பேசும் காட்சியில், சுரங்க இரயில் நிலையத்தில் மாண்ட கனவானுடன் அவர்களும் சமமாக அமர்கின்றனர். வாழ்விற் கிட்டாத சமத்துவம் சாவிலேயே கிட்டுகின்றது. கூர்மையான இவ்வங்கதம் ஒரு கணம் தோன்றி மறைகின்றது. வீடின்மையின் காரணத்தைப் படம் தேடவில்லை. 1981 பிரிக்ஸ்டனிலும் லிவர்பூலிலும் கலகங்கள் வெடித்த ஆண்டு. 1982 ஜனவரியில் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டிற்று. படத்தின் இறுதி எழுத்துகளோ 1981 ஜூலையில் நிகழ்ந்த அரச திருமணத்துக்கு வாழ்த்துக் கூறுகின்றன. அது கேலியெனினும், உல்லாசப் பயணியின் கேலியே. கிராமத்து மதுச்சாலையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் உழைப்பாளரையும் படம் அச்சுறுத்தும் புதிராகவே காட்டுகின்றது.

முடிவாகக் கூறின், இப்படம் பற்றிய முரண்பட்ட கருத்துகளில் எதுவும் காரணமின்றிப் பிறந்ததன்று. குறைகாண்போர் உணர்ந்த முழுமையின்மை உண்மையானது. போற்றுவோர் உணர்ந்த ஆற்றலும் உண்மையானதே. வெகுசனக் கலையை மக்களை மயக்கும் போதையென ஒரே சொல்லில் ஒதுக்கிய முற்போக்குத் திறனாய்வு, இக்கருத்துகளைக் கேட்கும் வாய்ப்பைத் தானே இழந்தது. சாதாரண பார்வையாளன் சிரிப்பதா நடுங்குவதா எனத் தடுமாறும் இடத்திலேயே, அவன் வாழும் காலத்தின் முரண்பாடு அவனுக்கு வெளிப்படத் தொடங்குகின்றது. அத்தடுமாற்றத்தைத் திருத்த முற்படுமுன் அதனை விளக்க முற்படுவதே நமது கடன்.